ஓ.பி. பார்த்துக்கொண்டே பத்திரிகைக்கு ஜோக் எழுதுவது எப்படி: டாக்டர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கிளினிக் நடத்திக்கொண்டே இருபது வருஷத்துக்கும் மேலாக வாரப் பத்திரிகைகளுக்கும் நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளுக்கும் ஜோக் எழுதுகிறேன். படம் எனக்கு வராது. வட்டம் போட்டால் கிட்னி மாதிரி வரும். நான் வசனம் எழுதுவேன், ஓவியர் படம் போடுவார், நம் ஊர்ப் பத்திரிகை ஜோக்குகளில் பாதிக்கு மேல் அப்படிப் பிறப்பவைதான்.

கடந்த சில வருஷங்களில் ஹவுஸ் சர்ஜன் பசங்களும் ஜூனியர் டாக்டர்களுமாகப் பத்துப் பதினைந்து பேர் தாங்கள் எழுதியதை அனுப்பி "சார், கொஞ்சம் பாருங்க" என்று கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் சரக்குப் பஞ்சம் இல்லை. ஒரு நாள் ஓ.பி.யில் கிடைக்கிற பேச்சு, வெளியே உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு ஒரு மாதத்திலும் கிடைக்காது. இவர்கள் தடுமாறுவது வரிசையில். காலையில் நடந்ததை மத்தியானம் எழுதி சாயங்காலமே அனுப்பிவிடுகிறார்கள். இடையில் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன, அவற்றில் ஒன்றை விட்டால் ஜோக் திரும்பி வரும், இன்னொன்றை விட்டால் பேஷன்ட் திரும்பி வரமாட்டார்.

1. எழுதுவதற்கு முன்: உங்கள் வேலையின் விதிகளைப் பாருங்கள்

அலுப்பான வேலைதான், ஆனால் இதை முதலில் முடிக்காவிட்டால் ஜோக் அச்சில் வந்த பிறகு பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

நமக்கான தொழில் நடத்தை விதிகள் 2002-ஆம் ஆண்டில் வந்தவை. 2023 ஆகஸ்ட்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து அதே மாதம் நிறுத்தி வைத்தது, அதனால் பழையதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் ஜோக் எழுதுபவருக்கு மூன்று விஷயம் முக்கியம். தொழில் வழியாகத் தெரியவந்த நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது. ஆள் யாரென்று அடையாளம் தெரிகிற மாதிரி அவருடைய கேஸையோ போட்டோவையோ அனுமதியில்லாமல் எந்த இதழிலும் போடக் கூடாது. நோய், சிகிச்சை பற்றிப் பொதுப் பத்திரிகையில் எழுதுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் விளம்பரமாக ஆகிவிடக் கூடாது. 'எந்த இதழிலும்' என்பதில் ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் கடைசிப் பக்கமும் அடக்கம். "ஜோக்தானே சார்" என்பது எங்கேயும் விதிவிலக்காக எழுதப்படவில்லை.

அரசு மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973. அரசின் நடவடிக்கையை விமர்சித்து எழுதுவதற்கு அதில் இடம் இல்லை. 'ஜி.எச்.சில் மருந்து இல்லை' என்று தனியார் டாக்டர் எழுதினால் அது ஜோக், நீங்கள் எழுதினால் மெமோ. மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. கார்ப்பரேட் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் படித்திருக்க மாட்டீர்கள்.

2. எந்தப் பெயரில் வரப்போகிறது என்று முடிவு செய்யுங்கள்

இதையும் முதல் ஜோக்குக்கு முன்னாலேயே செய்யுங்கள். பெயரை நடுவில் மாற்றினால் உதவி ஆசிரியருக்கு நீங்கள் மறுபடியும் புது ஆள்தான்.

தமிழ் ஜோக் எழுத்தாளர்களுக்கு ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. நமக்கு அது ஆகாது. ஊரும் பெயரும் சேர்ந்து வந்தால் டாக்டர் யார் என்று தெரிந்துவிடும், டாக்டர் யார் என்று தெரிந்தால் பேஷன்ட் யார் என்று கண்டுபிடிக்கச் சின்ன ஊரில் ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ்., எம்.டி. என்று போடுவதும் வேண்டாம். ஜோக்குக்கு அது ஒரு பலமும் சேர்க்காது, விளம்பரம் என்ற பேச்சுக்கு மட்டும் வழி செய்யும்.

மனைவி பெயர், தாத்தா பெயர், சும்மா தோன்றிய பெயர், எதுவாக இருந்தாலும் சரி. ரஷ்யாவில் மருத்துவம் படித்துக்கொண்டே சிரிப்புப் பத்திரிகைகளுக்குத் துணுக்கும் கார்ட்டூனுக்கு வாசகமும் எழுதிக்கொண்டிருந்த செகாவ், 'மண்ணீரல் இல்லாத மனிதன்' என்றுகூட ஒரு பெயர் வைத்திருந்தார். அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. சன்மானம் போட ஆசிரியர் குழுவுக்கு மட்டும் உண்மைப் பெயரும் வங்கிக் கணக்கும் தெரிந்தால் போதும்.

3. ஓ.பி.யில் குறிப்பு எடுக்கும் விதம்

ஜோக் தோன்றுகிற நேரமும் எழுதுகிற நேரமும் ஒன்றாக இருக்கவே கூடாது. பேஷன்ட் எதிரே உட்கார்ந்திருக்கும்போது உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடினால், தன் வியாதியைப் பார்த்துத்தான் சிரிக்கிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். அவரைத் தப்பு சொல்ல முடியாது.

நான் பிரிஸ்கிரிப்ஷன் பேடின் கடைசி அட்டையில் ஒரே ஒரு வார்த்தை எழுதி வைப்பேன். 'பர்ஸ்', 'டோக்கன்', 'மாமியார்', இவ்வளவுதான். பெயர், தேதி, வயது, வியாதி எதுவும் கூடாது. ஒரு தம்பி கேஸ் ஷீட்டின் ஓரத்திலேயே நட்சத்திரக் குறி போட்டு வைப்பதாகப் பெருமையாகச் சொன்னார். கேஸ் ஷீட் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகக்கூடிய காகிதம், அதில் நட்சத்திரம் எதற்கு என்று வக்கீல் கேட்டால் என்ன பதில் சொல்வது?

போனில் டைப் செய்வதும் வேண்டாம். டாக்டர் போனைப் பார்க்கிறார் என்றாலே பாதி நம்பிக்கை போய்விடுகிறது.

அப்புறம், நைட் டியூட்டி. அதிகாலை மூன்று மணிக்கு கேசுவாலிட்டியில் தோன்றுவதெல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கும், டியூட்டி ரூமில் நாலு பேர் விழுந்து விழுந்து சிரிப்போம். அது களைப்பில் வருகிற சிரிப்பு. சாவையும் ரத்தத்தையும் பார்த்துக்கொண்டே வேலை செய்ய நமக்கு அது தேவை, வீட்டில் காபி குடித்துக்கொண்டு ஞாயிறு இணைப்பைப் புரட்டுகிறவருக்குத் தேவையில்லை. அந்த நேரத்தில் எழுதியதைத் தூங்கி எழுந்து குளித்த பிறகு படித்துப் பாருங்கள். பத்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம்.

4. ஊறப் போடுங்கள்

எல்லோரும் தாண்டிக் குதிப்பது இந்தப் படியைத்தான். நானும் குதித்தேன், விழுந்தேன்.

எழுத ஆரம்பித்த புதிதில் ஒரு பெரியவர் பல்வலிக்கு வந்தார். பேச்சுவாக்கில் தன் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார், அவ்வளவு கச்சிதமான வாக்கியம், நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அன்றைக்கே எழுதி அனுப்பினேன், மூன்றாவது வாரம் படத்தோடு வந்துவிட்டது. எனக்கு ஒரே குஷி. அந்த இதழ் வழக்கம்போல என் வெயிட்டிங் ஹால் மேஜைக்கும் போனது. ரெண்டு மாதம் கழித்து அதே பெரியவர் பி.பி. பார்க்க வந்து, டோக்கனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதே இதழைப் புரட்டியிருக்கிறார். உள்ளே வந்து உட்கார்ந்தவர், "நம்ம வீட்டுக் கதை புஸ்தகத்துல வந்திருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னார். கோபப்படவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னிடம் வார்த்தையை எண்ணிப் பேச ஆரம்பித்தார். "எப்படி இருக்கீங்க?" என்றால் "இருக்கேன்." தலைசுற்றல் உண்டா என்றால் "பரவாயில்லை." எண்ணிப் பேசுகிற பேஷன்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் தொழிலில் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து வருகைக்குப் பிறகு அவர் வேறு டாக்டரிடம் போய்விட்டார்.

அதனால் குறிப்பு எழுதிய நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் தொடாதீர்கள். மாவு புளிக்கட்டும். மூன்று மாதம் கழித்து அந்த ஒற்றை வார்த்தையைப் பார்க்கும்போது யார் சொன்னது, எந்த வியாதி என்பதெல்லாம் மங்கியிருக்கும், வேடிக்கை மட்டும் மிஞ்சியிருக்கும். அதுவும் மிஞ்சவில்லை, வார்த்தையைப் பார்த்தால் எதுவும் ஞாபகம் வரவில்லை என்றால் அது ஜோக்கே இல்லை, அடித்துவிடுங்கள்.

5. ஆளை மாற்றுங்கள், பல்பு டாக்டர் வாங்கட்டும்

ஊறிய பிறகு மூன்றையாவது மாற்ற வேண்டும்: ஆள், இடம், வியாதி. பெரியவர் சொன்னதைக் கல்லூரிப் பையன் சொல்லட்டும். கிளினிக்கில் நடந்தது மெடிக்கல் ஷாப்பில் நடக்கட்டும். இப்படி மாற்றினால் ஜோக் செத்துவிடுகிறது என்றால், அது அந்த மனிதரின் தனிப்பட்ட கதை என்று அர்த்தம், அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

சில சமயம் காலத்தையே மாற்றிவிடலாம். நம் பத்திரிகைகளில் மன்னர் ஜோக் என்று ஒரு தனி வகை இருப்பது எவ்வளவு பெரிய வசதி பாருங்கள். மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்டு நச்சரிக்கிற ஆபீஸ்காரரை அப்படியே எழுதினால் அவர் கண்டுபிடித்துவிடுவார், கிரீடம் வைத்துவிட்டால் அவரே சிரிப்பார்:

"மன்னர் எதற்கு அரண்மனை வைத்தியருக்கு ஆயிரம் பொற்காசு கொடுத்தார்?"
"'போருக்குப் போக உடல் தகுதி இல்லை'ன்னு சர்டிஃபிகேட் கொடுத்திருக்காரே!"

அடுத்தது, அடி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். பேஷன்ட் பயந்துபோய், சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கிண்டல் செய்ய டாக்டருக்கு என்ன தைரியம் வேண்டிக்கிடக்கிறது? ஃபீஸ், காத்திருக்க வைப்பது, ஸ்கேன், கையெழுத்து என்று நம் பக்கமே மூட்டை மூட்டையாக இருக்கிறது. பல்பு வாங்குவது டாக்டராகவே இருக்கட்டும். வாசகருக்கும் அதுதான் பிடிக்கும்.

தொடவே வேண்டாம் என்று நான் ஒதுக்கி வைத்தவை: மனநோய், வலிப்பு, குழந்தையின்மை, எச்.ஐ.வி., உடல் பருமன். நர்ஸ் ஜோக்குகளும். பழைய இதழ்களைப் புரட்டினால் டாக்டர்-நர்ஸ் ஜோக் எக்கச்சக்கமாக இருக்கும், அதெல்லாம் எழுதியவர்கள் அடுத்த நாள் காலையில் ஒரு நர்ஸோடு சேர்ந்து வேலை பார்க்க வேண்டிய நிலையில் இருந்திருக்க மாட்டார்கள். தடுப்பூசியைக் கிண்டல் செய்வதும் வேண்டாம், அதைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு ஊசி போடத் தயங்குகிற ஒரு அம்மா போதும்.

சக டாக்டர்கள் கோபப்படுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கமிஷன் பற்றிய ஒரு ஜோக்குக்கு ஒரு சீனியர் போன் போட்டு அரை மணி நேரம் திட்டினார். நான் எழுதியது என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்பது இன்று வரை தெரியவில்லை. ஜோக்கை மட்டும் நான் திரும்பப் பெறவில்லை.

அரசியல் ஜோக்கும் டாக்டருக்கு வரும், ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகாத தலைவர் உண்டா?

"தலைவர் ஏன் டாக்டர் மேல கோபமா இருக்கார்?"
"நெஞ்சு வலின்னு வந்தவருக்கு நிஜமாவே மருந்து கொடுத்துட்டாராம்!"

பெயரில்லாத 'தலைவர்' வரைக்கும் சரி. நிஜத் தலைவரின் சாயல் வந்தால் முடிவை ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள், ஏனென்றால் அடி முதலில் அவருக்குத்தான். 1987-இல் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கிண்டல் செய்த ஒரு அட்டைப்பட ஜோக்குக்காகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத்தான். எதிர்ப்பு கிளம்பியதால் சில நாளிலேயே விடுதலையானார் என்பது வேறு விஷயம்.

6. கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

எழுத உட்காரும்போது ஆரம்பத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சிரிப்பு வெடிக்கிற வார்த்தை எது என்று கண்டுபிடித்து அதை முதலில் எழுதுங்கள், பிறகு அதற்கு என்ன முன்தகவல் வேண்டுமோ அதை மட்டும் மேலே சேருங்கள். மேலிருந்து எழுதிக்கொண்டு வந்தால் கேஸ் ஹிஸ்டரி எடுக்கிற நம் பழக்கம் தலைதூக்கிவிடும்.

ஒன்றை முழுதாகக் காட்டுகிறேன். ஒருவர் பெரிய ஃபைல் நிறைய ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லைங்க" என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் தொங்கிவிட்டது. "ஒண்ணும் இல்லைங்கறதுக்கா இவ்வளவு செலவு பண்ணேன்!" என்றார். பேடில் 'பர்ஸ்' என்று எழுதி வைத்தேன். மாதங்கள் கழித்து எழுதிய முதல் வடிவம் இது:

"டாக்டர், நீங்க சொன்ன மாதிரி மூணு ஸ்கேன், ரெண்டு பிளட் டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டேன்."
"பார்த்துட்டேன். பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணுமே இல்லை."
"ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்க இவ்வளவு செலவு பண்ணி, இப்போ என் பர்ஸ்லயும் ஒண்ணுமே இல்லாமப் போச்சே டாக்டர்!"

இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் படிக்கிறவர் மூன்றாவது வரியின் பாதியிலேயே முடிவை ஊகித்துவிடுவார். வெடிக்கிற வார்த்தை 'பர்ஸ்'. செலவு பண்ணிய கதையை அது ஒன்றே சொல்லிவிடுகிறது, அப்புறம் எதற்கு மூன்று ஸ்கேன், ரெண்டு டெஸ்ட் கணக்கு? முதல் வரியை எடுத்தேன். 'ஒண்ணுமே இல்லை' ரெண்டு தடவை வருகிறது, தமிழில் ஒரு 'உம்' போட்டால் ரெண்டாவது தானாக வந்துவிடும். அதையும் எடுத்தேன்.

"உங்க ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லை!"
"என் பர்ஸ்லயும்தான் டாக்டர்!"

அடுத்து, வெடித்த பிறகு ஒரு வார்த்தையும் இருக்கக் கூடாது என்ற கணக்கில் அந்த 'டாக்டர்' என்பதையும் எடுத்துப் பார்த்தேன். "என் பர்ஸ்லயும்தான்!" என்று நிறுத்தினால் பேஷன்ட் திமிராகப் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. 'டாக்டர்' இருந்தால் பரிதாபம், இல்லாவிட்டால் சண்டை. வைத்துக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தை 'டாக்டர்:', 'நோயாளி:' என்று பெயர் போட்டு எழுத வேண்டிய அவசியத்தையும் தீர்த்துவிடுகிறது.

இருபது வார்த்தைக்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள். ஒரு பத்தி அகலத்தில் படத்தையும் போட்டு வசனத்தையும் போட வேண்டும், நீளமான வசனம் ஜோக்காகவே நன்றாக இருந்தாலும் லே-அவுட்காரர் அதை எடுத்து வைத்துவிட்டுச் சின்னதைத் தேடுவார்.

வார்த்தைத் தேர்வில் டாக்டர்களுக்கு மட்டும் வருகிற ஒரு வியாதி உண்டு. ஒரு தம்பி 'கிரியாட்டினின்' என்ற வார்த்தையை நம்பி ஒரு முழு ஜோக் எழுதியிருந்தார். பி.பி., சுகர், ஈ.சி.ஜி., ஸ்கேன், ஐ.சி.யூ., ஊசி, டோக்கன், 'குளுக்கோஸ் ஏத்துறது', இந்த வட்டத்துக்குள் நில்லுங்கள். விளக்கினால்தான் புரியும் என்றால் அது கான்ஃபரன்ஸ் டின்னருக்கான ஜோக்.

7. படத்துக்கு வேலை மிச்சம் வையுங்கள்

வசனத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் ஓவியர் என்ன செய்வார்? ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ரெண்டு பேர், அவ்வளவுதான் வரைய இருக்கும். சில ஜோக்கில் பாதியைப் படத்திடம் கொடுத்துவிட வேண்டும்:

(கிளினிக். டாக்டர் முன்னால் பெரிய மீசையோடு ஒருவர், பக்கத்தில் தள்ளாடும் பாட்டி.)
"குழந்தைக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே, குழந்தை எங்கே?"
"டோக்கன் வாங்கும்போது குழந்தைதான் டாக்டர்!"

மீசை இல்லாமல் இந்த வசனம் நிற்காது. 'ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டீங்க' என்று வசனத்தில் எங்கேயும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

படக் குறிப்பு அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போதும். டாக்டர் இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும், சுவரில் காலண்டர் தொங்க வேண்டும் என்று டைரக்‌ஷன் செய்யாதீர்கள், அது அவர் தொழில். ஓவியர் டாக்டரின் நெற்றியில் வட்டக் கண்ணாடி மாட்டிவிடுவார், இந்தக் காலத்தில் எந்த டாக்டர் அதை மாட்டிக்கொண்டு பி.பி. பார்க்கிறார் என்று உங்களுக்கு உறுத்தும். விட்டுவிடுங்கள். விரல் நகம் அளவுத் தலையில் இவர்தான் டாக்டர் என்று வாசகருக்கு அரை நொடியில் சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை.

8. பழசா என்று பாருங்கள்

"காலையில ரெண்டு இட்லி சாப்பிடுங்க" என்று டாக்டர் சொல்ல, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று பேஷன்ட் கேட்கிற ஜோக்கைப் புதிதாக எழுத வருகிற ஒவ்வொருவரும் எனக்கு அனுப்புகிறார்கள். திருடவில்லை, நிஜமாகவே தங்களுக்குத் தோன்றியதாகத்தான் நினைக்கிறார்கள். சின்ன வயதில் படித்தது உள்ளே தங்கி, சொந்தச் சரக்கு மாதிரி வெளியே வருகிறது. 'சர்க்கரை இருக்கா?' என்றால் 'ரேஷன்ல இன்னும் போடலை', டாக்டர் கையெழுத்து, வயிற்றில் மறந்த கத்தரிக்கோல், இதெல்லாம் பத்திரிகை ஆபீஸில் மூட்டை கட்டி வைத்திருப்பார்கள்.

சோதனை எளிது. வெடிக்கிற வரியை மட்டும் வீட்டில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, பத்திரிகை படிக்கிற ஒருவரிடம் சொல்லுங்கள். முன் வரியை அவரே சொல்லிவிட்டால் பழசு. என் மாமனார் இந்த வேலையைப் பல வருஷம் செய்தார். ஏ.ஐ.யில் கேட்டு எழுதி அனுப்புகிறவர்களும் இப்போது வந்துவிட்டார்கள், அது தருவதும் பெரும்பாலும் இந்த மூட்டையிலிருந்துதான், அவிழ்த்துப் பார்த்தால் இட்லிதான் இருக்கிறது.

9. டாக்டர் அல்லாத ஒருவரிடம் காட்டுங்கள்

எழுதியதைச் சக டாக்டரிடம் காட்டிப் பயனில்லை. அவர் தவறான இடத்தில் சிரிப்பார், இல்லாவிட்டால் "அந்த டோஸ் தப்பு" என்பார். மருத்துவம் தெரியாத ஒருவர் கையில் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். நீங்களே வாசித்துக் காட்டாதீர்கள், உங்கள் குரலும் முகமும் ஜோக்குக்கு முட்டுக் கொடுத்துவிடும், அச்சில் அந்த முட்டு இருக்காது. "புரியலையே" என்றால் விளக்காமல் வாங்கிக்கொண்டு வந்து திருத்துங்கள். கிளினிக் ஊழியர்களிடம் காட்ட வேண்டாம். நீங்கள் சம்பளம் கொடுப்பவர், எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள். அது மட்டுமில்லை, எந்தப் பேஷன்ட் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

10. அனுப்புவது

ஒரு காகிதத்தில் ஒரு ஜோக். போஸ்ட் கார்டு காலத்திலிருந்தே இதுதான் பழக்கம், ஐம்பது பைசா கார்டில் ஒன்றுதான் எழுதுவோம். உதவி ஆசிரியர் ஒவ்வொன்றாகப் பார்த்து, எடுத்ததை ஓவியருக்கான கட்டுக்குள் போடுவார், மற்றது கூடைக்கு. ஒரே தாளில் பத்து எழுதினால் நடுவில் இருக்கிற நல்ல ஒன்றைப் பிரித்தெடுக்க அவர் திரும்ப எழுத வேண்டும், யாருக்கு நேரம்? மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் விட்டு, ஒவ்வொன்றின் கீழும் பெயர் போட்டு, யூனிகோடில், மடலின் உள்ளேயே எழுதுங்கள். கையால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புவது கூடவே கூடாது, அதுவும் டாக்டர் கையெழுத்தில்.

ஒரே ஜோக்கை ரெண்டு இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். ரெண்டிலும் ஒரே வாரம் வந்துவிட்டால் ரெண்டு கதவும் மூடும். அதற்காக ஒரு நோட்டுப் போட்டு எதை, எங்கே, என்றைக்கு அனுப்பினேன் என்று எழுதி வையுங்கள். மூன்று நாலு மாதம் பதில் இல்லை என்றால் வேறு இடத்துக்கு அனுப்பலாம்.

காலத்தைப் பார்த்து அனுப்புங்கள். ஜூலை 1 டாக்டர்கள் தினம், அந்த வாரம் டாக்டர் ஜோக்குக்கு இடம் தேடுவார்கள், நீங்கள் ஜூன் முதல் வாரத்துக்குள் அனுப்பியிருந்தால் உங்களுடையது அங்கே இருக்கும். தீபாவளிப் பலகாரம் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்ட தலை தீபாவளி மாப்பிள்ளையைத் தீபாவளிக்கு மறுநாள் ஓ.பி.யில் பார்த்துவிட்டு எழுதினால், அது அடுத்த வருஷத்துக்குத்தான். நல்லதுதான், தானாகவே ஊறிவிடும்.

எழுதுவதற்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். எனக்கு ஞாயிறு மத்தியானம் ஒரு மணி நேரம். அதில் பத்து ஜோக், நல்லதோ கெட்டதோ. அதில் மூன்று அனுப்பும்படி இருக்கும். அந்த மூன்றில் எப்போதாவது ஒன்று அச்சில் வரும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் வராத வாரங்களில் வருத்தப்பட மாட்டீர்கள்.

11. அச்சில் வந்த பிறகு

சன்மானம் சின்னத் தொகை, அதை நம்பி ஃபீஸைக் குறைக்க முடியாது. என் முதல் சன்மானம் மணியார்டரில் வந்தது. போஸ்ட்மேன் நேராக கன்சல்டிங் ரூமுக்குள் வந்து, பேஷன்ட் முன்னாலேயே நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்த அம்மா கிளம்பும்போது, "பணமுடைன்னா சொல்லியிருக்கலாமே டாக்டர், போன தடவை ஊசிக்கு நான் பாக்கி வெச்சிருக்கேன்" என்று இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்தார்கள். இது இருபது வருஷத்துக்கு மேல் ஊறியது, அதனால் சொல்கிறேன், சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

வெட்டி ஃபைலில் வையுங்கள். ஆசிரியர் எந்த வார்த்தையை மாற்றியிருக்கிறார் என்று நீங்கள் அனுப்பிய பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வேறு எங்கேயும் கிடைக்காத பாடம் அதில் இருக்கும். வீட்டில் காட்டுங்கள், பழைய கிளாஸ்மேட் ஒருவருக்கு அனுப்புங்கள். வெயிட்டிங் ஹால் மேஜைக்கு அந்த வாரத்து இதழ் மட்டும் போகக் கூடாது. பேப்பர் போடும் பையன் கொண்டுவந்ததும் நானே போய் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன்.